மரச் சொப்புச் சாமான்: வாங்குமுன் திருகிப் பாருங்கள், தேய்த்துப் பாருங்கள்

ஓலைப்பெட்டியில் வரும் மரச் சொப்பில் மிகச் சிறந்த உருப்படி எது என்றால் திருகைதான். முதல் நாள் அதில் உளுந்து உடைபடும். மறுநாள் அதுவே பஸ்ஸின் ஸ்டியரிங். உலக்கை மைக் ஆகும், கவிழ்த்த சட்டி போலீஸ் தொப்பி ஆகும். பட்டனை அழுத்தினால் 'உஸ்' என்று விசில் அடிக்கும் பிளாஸ்டிக் குக்கரில் இதற்கு இடமில்லை. விசில் சத்தத்தைப் பொம்மையே போட்டுவிட்டால் குழந்தையின் வாய்க்கு என்ன வேலை? பேட்டரி தீர்ந்த பிறகுதான் அந்தக் குக்கர் உருப்படியான விளையாட்டுச் சாமான் ஆகிறது.

அம்பாசமுத்திரம், கர்நாடகத்தின் சென்னபட்டணம் இரண்டுமே கடைசல் வேலைக்குப் பேர்போன ஊர்கள். மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கடைத்தெருவில் இதே உருவத்தில் எனாமல் பெயின்ட் பூசியவையும் கலந்து கிடக்கும். பெயின்ட் என்றால் தூரிகைக் கோடு தெரியும், அடிப்பாகத்தில் சொட்டு வழிந்து காய்ந்திருக்கும், விளிம்பில் நகத்தால் சுரண்டினால் செதிலாக உரியும். அரக்கு அப்படி உரியாது. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம், எப்படியும் அது வாய்க்குத்தான் போகப்போகிறது.

அடுத்து, ஒட்டு. பானை, குடம், குமிழோடு சேர்ந்த மூடி எல்லாம் ஒரே கட்டையில் கடைந்து வந்தால் கழன்று வர வழியில்லை. வாணலியின் கைப்பிடி, கரண்டிக் காம்பு, திருகையின் முளை ஆகியவை தனியாகச் செருகியவை. பிரச்சினை எல்லாம் அங்கேதான். மழைக்காலத்தில் மரம் ஊதி முளை இறுகும், கோடையில் சுருங்கிக் காம்பு கழன்று கையோடு வரும். இறுகிய முளையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் சுற்றும். கழன்ற காம்பை மரப்பசை வைத்துச் செருகி ஒரு நாள் காயவிட வேண்டும். சரியாக உலராத கட்டையில் கடைந்தது நரம்போட்டத்திலேயே, அதாவது மரத்தின் நார் ஓடும் திசையிலேயே, வெடிக்கும். அதற்கு வைத்தியம் இல்லை, வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்து மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டைவிரல் உயரச் சொப்புகள் கொலுப்படிக்கு அழகு, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆபத்து. பொம்மைச் சோதனையில் பயன்படும் சிறுபொருள் குழாயின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் இந்த வயதுக்கு ஆகாது. ஸ்கேல் வைத்து டம்ளரையும் மூடியையும் அளந்துவிடுங்கள். உலக்கையும் மத்தும் வேறு வகை: நீளமாக, ஒல்லியாக இருப்பதால் வாயில் வைத்துக்கொண்டு ஓடினால் தொண்டையில் குத்தும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த இரண்டையும் எடுத்து வைத்துவிடலாம்.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லையே என்று சிலர் தயங்குவார்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்தான். ஆனால் பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. கைக்கடைசலில் முத்திரை இல்லாததால் மட்டும் அது போலி ஆகிவிடாது.

சுத்தம் செய்வதில் இரண்டு தவறுகள். ஒன்று, வெந்நீரில் போடுவது: அரக்கு இளகும், வெளுக்கும். இன்னொன்று, சானிடைசர் தெளிப்பது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், பளபளப்புப் போய்ப் பிசுபிசுக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். ஓலைப்பெட்டி நனைந்தால் அதன் சாயமும் இறங்கும், பூஞ்சையும் பிடிக்கும். தண்ணீர் விட்டுச் சமைக்கத் துடிக்கும் பிள்ளைக்கு மரம் சரிப்படாது. விளிம்பு மடித்த எவர்சில்வர் சொப்பு வாங்கிக் கொடுங்கள்.

சமையலுக்குச் சாமான்? செம்பருத்தி இலை, பூவிதழ், காகிதத் துண்டு, மூன்று வயது தாண்டி மூக்கில் போடும் பழக்கமும் விட்டிருந்தால் புளியங்கொட்டை. முப்பது உருப்படி செட்டை ஒரேயடியாகக் கொட்டினால் பரப்பிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அடுப்பு, பானை, கரண்டி, இரண்டு தட்டு என்று ஐந்தோடு ஆரம்பித்து, வாரம் ஒன்றாக வெளியே எடுங்கள்.

பெட்டியில் வராத முக்கியமான உருப்படி ஒன்று உண்டு, சாப்பிடுகிற ஆள். காலி டம்ளர் நீட்டப்பட்டால் முதலில் ஊதுங்கள், சூடாக இருக்கும். "சர்க்கரை கொஞ்சம் கம்மிடா கண்ணு" என்று சொன்னால் போதும், உள்ளே போய்ச் சர்க்கரை போட்டு, ஆற்றி, திரும்ப வரும். "டம்ளர்ல ஒண்ணுமே இல்லையே" என்றால் கடை மூடப்படும். புட்டில் மீன் போட்டாலும் திருத்த வேண்டாம். நீங்களாக "இப்ப தோசை சுடு" என்று சொல்லவும் வேண்டாம், பில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.

கரண்டிதான் முதலில் தொலையும், கட்டிலுக்கு அடியில் பாருங்கள். கிடைக்காவிட்டால் கரண்டிக்காகப் புது செட் வாங்காதீர்கள், ஐஸ்கிரீம் குச்சி வரும்வரை பிள்ளைகள் காத்திருப்பதில்லை, சீப்பாலேயே கிளறிவிடுவார்கள்.