சுவரில் விழும் சிவப்புப் புள்ளி: லேசர் டிரைனரோடு ஒரு குடித்தனம்

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற லேசர் டிரைனர் இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கிரவா?" 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்துவிட்டு ஏர் பிஸ்டல் பக்கம் வந்தவர் அவர். வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் சொல்லலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அந்தக் கருவி மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு வரிக்குள் அடங்காது.

வேலையில் குறை சொல்ல வரவில்லை. குழலுக்கு அடியில் கிளாம்ப் போட்டு மாட்டுகிறோம். டிரை ஃபயரில், அதாவது பெல்லட் என்கிற ஈயக்குண்டு போடாமல் வெறுமனே சுடும்போது, ட்ரிக்கர் விடுபடும் அதிர்வு பட்டதும் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னி மறைகிறது. பெல்லட் இல்லை, காற்றுச் செலவில்லை, ரேஞ்சுக்குப் போய்வரும் பெட்ரோலும் மிச்சம். திருநகரில் எங்கள் வீட்டு ஹாலில் 5 மீட்டர்தான் கிடைக்கும். அதனால் இலக்கைப் பாதி அளவில் அச்செடுத்து ஒட்டியிருக்கிறேன். 59.5 மில்லிமீட்டர் கருவட்டம் 30க்குப் பக்கத்தில் வந்துவிடும். காலை வெயில் ஜன்னலில் அடிக்கும்போது புள்ளி மங்கும், விளக்கு வைத்த பிறகு பளிச்சென்று தெரியும். இதெல்லாம் சரி.

என் சண்டை அந்தப் புள்ளியோடுதான்.

பிஸ்டலில் முதல் நாளே சொல்லித்தருவது ஒன்று உண்டு: பார்வை முன் சைட்டில், அதாவது குழல் நுனியில் குறிபார்க்க வைத்திருக்கும் முனையில், இருக்க வேண்டும். முன் சைட் கூர்மையாகத் தெரிய வேண்டும், இலக்கு மங்கலாக இருந்தால் போதும். காரணம் கணக்கில் இருக்கிறது. கை மொத்தமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கிலும் அதே 1 மில்லிமீட்டர்தான் தள்ளும். ஆனால் பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால் கதை வேறு. இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 35 சென்டிமீட்டர். 10 மீட்டர் தள்ளி அந்த விலகல் கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டர் ஆகிவிடும். பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 தான். நடுவில் பட வேண்டிய பெல்லட் கருவட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும்.

இப்போது சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னப் போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அது முன் சைட்டில் நிற்குமா? பந்திக்கு இலை போட்டதும் சமையற்கட்டையே பார்க்கிற பிள்ளை மாதிரி, ட்ரிக்கர் விடுபடுவதற்கு ஒரு நொடி முன்பே சுவருக்கு ஓடிவிடுகிறது. சுட்ட பிறகும் ஒரு கணம் குறி கலையாமல் நிற்கிற ஃபாலோ த்ரூ போச்சு. வீட்டில் புள்ளிகள் எல்லாம் நடுவில் விழுகின்றன. ரேஞ்சில் பெல்லட் போட்டால் எட்டு, ஏழு. எதைக் கற்றுத்தர வாங்கினோமோ அதையே இந்தச் சாதனம் கெடுக்கிறது. பெட்டியில் 'உடனடிப் பலன்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அந்த 'உடனடி'தான் வினை.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மின்னல் ஒரு கணம் நீடிப்பதால், அதற்குள் குழல் அசைந்தால் விழுவது புள்ளி அல்ல, சின்னக் கோடு. வலக்கைக்காரர் ட்ரிக்கரைப் பிடுங்கி இழுத்தால் கோடு இடது கீழே வால்போல் ஓடும். விரல் செய்த தப்பை இவ்வளவு மலிவாகக் காட்டும் சாதனம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. காட்டும், சரி. அதைப் பார்க்கக் கூடாதவன் நான்தானே!

இதற்கு வழி கண்டுபிடித்தது என் அம்மா. அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் புரை எடுத்த பிறகு அவருக்குக் கண் என்னைவிடத் தெளிவு. எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் மொச்சை உரித்துக்கொண்டே சுவரைப் பார்ப்பார். நான் முன் சைட்டை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கை இறங்கிய பிறகுதான் தீர்ப்பு வரும்: "அங்கிட்டு கீழ இழுத்துக்கிட்டுப் போச்சுப்பா." நன்றாக விழுந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், மொச்சை உரிக்கிற சத்தம் மட்டும் வரும். அப்படிப் பயிற்சி செய்ய ஆரம்பித்த பிறகு ரேஞ்சிலும் கண் நின்றது. இதற்குப் பெட்டியில் விலை போடவில்லை.

ஸ்காட் (SCATT) மாதிரிப் பயிற்சிக் கருவிகள் இந்த வேலையைத்தான் வேறு விதமாகச் செய்கின்றன. லேசர் அடிப்பதில்லை. குழலில் மாட்டிய சின்ன கேமரா இலக்கையே பார்த்து, சுடுவதற்கு முன்னும் பின்னும் குழல் அலைந்த தடத்தைக் கணினியில் வரைந்துவிடும். சுட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால் போதும். விலைதான் இதைவிடப் பல மடங்கு. மாநிலப் போட்டிக்கு மேல் கண் வைத்திருப்பவர்களுக்கு அது சரி.

ரிப்பேர் கதையும் உண்டு. வியர்வை பட்டு பேட்டரி மூடியின் ஸ்பிரிங் துருப்பிடித்தது, சித்திரை மாதத்து மதுரையில் கேட்கவா வேண்டும். விற்றவரிடம் கேட்டால் "புதுசு வாங்கிக்கோங்க சார்" என்றார். டவுன்ஹால் ரோட்டில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் பழைய கடிகாரத்தின் ஸ்பிரிங்கை நறுக்கிப் போட்டு ஓட வைத்தார். உள்ளே போகிற மூன்று பேட்டரியும் கைக்கடிகாரத்தில் போடும் 377 தான். சில்வர் ஆக்சைடு வாங்குங்கள். மலிவான ஆல்கலைன் போட்டால் வோல்டேஜ் மெல்ல மெல்ல இறங்கி புள்ளி சாயந்தரத்திலும் மங்கும்.

கிளாம்ப் ஸ்க்ரூவை அவ்வப்போது இறுக்க வேண்டும். லேசர் பார்வைக் கோட்டுக்கு 3 சென்டிமீட்டர் கீழே இருந்தால், 5 மீட்டரில் சரிசெய்த புள்ளி 10 மீட்டரில் 3 சென்டிமீட்டர் மேலே போய்விடும். கருவி கெட்டுவிட்டது என்று கம்பெனியைத் திட்டாதீர்கள். அது கணக்கு.

லைசென்ஸ் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் தோட்டாபோலவே போடுகிற லேசர்களில் வெளிநாட்டில் அதிகம் விற்பது 9 எம்எம். அந்த ரகம் இங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது, நம் ஆட்களிடம் இருப்பது பெரும்பாலும் .32. அளவு பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் .22 ரிம்ஃபயர் பிஸ்டலை வெறுமனே டிரை ஃபயர் செய்யவும் வேண்டாம், அடிக்கிற ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் மோதிக் கெடுக்கும். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, தோட்டாவையோ பெல்லட்டையோ வேறு அறையில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். சுவரில் கண்ணாடி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், லேசர் திரும்பிக் கண்ணில் அடிக்கும். அப்புறம் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள். பால்காரர் பயந்துவிடுவார்.

சரி, தம்பிக்குப் பதில். வாங்காதீங்க. நீங்கள் தல்லாகுளத்தில் தனியறையில் இருக்கிறவர், புள்ளியைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. ஒரு மாதத்தில் கண் சுவருக்குப் பழகிவிடும். வெள்ளைச் சுவரைப் பார்த்து, இலக்கே இல்லாமல் டிரை ஃபயர் செய்யுங்கள், காசு செலவில்லை. மிச்சமாகும் பணத்தில் நல்ல பெல்லட் வாங்கிக்கொள்ளலாம். என்னுடையதைப் பாதி விலைக்குத் தருவேனா என்றும் கேட்டிருந்தீர்கள். முழு விலை கொடுத்தாலும் தரமாட்டேன்.