இன்வெர்ட்டர் 5 கிலோவாட், பேட்டரி தருவது அதில் பாதி: வீட்டுக்கு சோலார் போடுகிறவர்கள் கவனத்துக்கு

சோலார் போடலாம் என்று கொட்டேஷன் வாங்கி வைத்திருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போட்டுக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கரண்ட் போனாலும் ஃபிரிட்ஜ், ஃபேன், லைட், 1 எச்பி தண்ணீர் மோட்டார் ஓட வேண்டும். மோட்டாரை வாய்ப்பேச்சாக விடாமல் தேவைப் பட்டியலில் எழுதியே கொடுத்தேன். வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 100 ஏஎச் லித்தியம் பேட்டரி ஒண்ணு. மொத்த வீடும் ஓடும் சார், கவலையே படாதீங்க" என்றார். ஏஎச் என்பது ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு. ஹைப்ரிட் என்றால் வெளி லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து வேலை செய்வது, அது சரிதான். பேட்டரி இல்லாமல் வெளி லைனோடு மட்டும் இணையும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் போட்டால், கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிடும், மொட்டை வெயில் அடித்தாலும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. இதையே சொல்லாமல் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவுக்கு நம்ம ஆள் தேவலை.

பொருத்திய அன்று மோட்டாரைப் போட்டுக் காட்டினார்கள். ஜம்மென்று ஓடியது. ஆனால் மெயினை ஆஃப் செய்யாமலே காட்டினார்கள். இழுத்த கரண்டில் பெரும்பகுதி வெளி லைனிலிருந்து வந்ததே தவிர, பேட்டரிக்கு அங்கே வேலையே இல்லை.

முதல் முறை ராத்திரியில் கரண்ட் போனபோது மோட்டார் சுவிட்சைத் தட்டியதும் வீடு முழுக்க இருட்டு. இன்வெர்ட்டர் திரையும் அணைந்துவிட்டது. பேட்டரியில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு. அணைவதற்கு முன் திரை 80 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. போன் செய்தால், "உங்க வீட்ல லோடு ஜாஸ்தி சார்." அடுத்த முறையும் இதே பதில். அதற்கடுத்த முறை போனையே எடுக்கவில்லை.

விஷயம் பேட்டரியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருந்தது. சுவரை ஒட்டிய பக்கம் என்பதால் டார்ச் அடித்து, தலையைச் சாய்த்துத்தான் படிக்க முடிந்தது: 51.2 வோல்ட், 100 ஏஎச், தொடர் டிஸ்சார்ஜ் (இடைவிடாமல் எடுக்கக்கூடிய கரண்ட்) 50 ஆம்பியர். வோல்ட்டையும் இந்த 50-ஐயும் பெருக்கிப் பாருங்கள், 2,560 வாட். இன்வெர்ட்டரில் 5 கிலோவாட் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், கரண்ட் இல்லாத ராத்திரியில் அதற்குக் கிடைப்பது இவ்வளவுதான். 1 எச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 1 கிலோவாட் எடுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் ஓட்டக் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். நல்ல இன்வெர்ட்டர் அந்த நொடியைச் சமாளித்துவிடும். ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்யூட், செல்களைக் காப்பாற்றுவதற்காகச் சட்டென்று வெட்டிவிடும். அது பழுது அல்ல, அதன் வேலையே அதுதான். கிலோவாட்-மணி என்பது எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று சொல்லும். அதை ஒரே நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஆம்பியர்தான் சொல்லும். கொட்டேஷனில் முதலாவது மட்டும் இருந்தது. மோட்டார் உண்டு என்று எழுதி வாங்கியவர்களுக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

அப்புறம் இன்னொரு கூத்து. நல்ல வெயில் நாட்களில் மதியம் பேட்டரி தானாகவே கட் ஆனது. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து செட்டிங்கைத் திறந்து பார்த்து சிரித்துவிட்டார். லித்தியம் பேட்டரிக்கு லெட் ஆசிட் என்று வைத்திருந்தார்கள், ஈக்வலைசேஷனும் (லெட் ஆசிட் செல்களைச் சமப்படுத்த வோல்டேஜைக் கூட்டி சார்ஜ் ஏற்றுவது) ஆனில் இருந்தது. இந்தப் பேட்டரியில் 16 செல்கள். ஒரு செல்லுக்கு 3.65 வோல்ட்தான் உச்சம், மொத்தம் 58.4. லெட் ஆசிட்டுக்கான ஈக்வலைசேஷன் அந்த எல்லைவரை, சமயத்தில் அதையும் தாண்டித் தள்ளும். பிஎம்எஸ் வெட்டாமல் என்ன செய்யும்? பேட்டரியும் இன்வெர்ட்டரும் பேசிக்கொள்வதற்கான கேபிள், கட்டுக்கூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. அது இல்லையென்றால் இன்வெர்ட்டர் வோல்டேஜைப் பார்த்து சதவீதத்தை ஊகிக்கும். இரும்பு பாஸ்பேட் லித்தியம் செல் பாதி காலியானாலும் 3.2, 3.3 வோல்ட்டிலேயே நிற்கும் என்பதால் அந்த ஊகத்துக்கு மதிப்பே கிடையாது. நான் பார்த்த 80 சதவீதமும் அந்த லட்சணம்தான். அவர் கேபிளை மாட்டி, ஈக்வலைசேஷனை நிறுத்தி, சார்ஜிங்கை 56 வோல்ட்டுக்கு இறக்கினார். மதியத் தொல்லை அன்றோடு நின்றது.

வாரண்டி 10 வருடம் என்றார்கள். தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆட்களைக் கூப்பிட்டால் முதல் கேள்வி, பில்லில் சீரியல் நம்பர் என்ன என்பது. என் பில்லில் "சோலார் செட் – 1" என்று மட்டும் இருக்கிறது. மாடலும் இல்லை, நம்பரும் இல்லை. விற்றவரைக் கேட்டால் ஆபீஸைக் கேளுங்கள் என்கிறார், ஆபீஸ் அவரைக் கை காட்டுகிறது.

இதையெல்லாம் விசாரிக்கப் போனபோது வேறு சிலரின் கதைகளும் காதில் விழுந்தன. 5 கேவிஏ என்று வாங்கியவருக்குப் பவர் ஃபேக்டர் (கேவிஏ-யில் கிலோவாட்டாகக் கிடைக்கும் பங்கு) 0.8 என்பதால் கிடைப்பது 4 கிலோவாட். இன்னொருவருக்கு, பேனலிலிருந்து அதிகம் கறக்கும் எம்பிபிடி வகை என்று ஸ்டிக்கர் ஒட்டி, மலிவான பிடபிள்யூஎம் வகை சார்ஜ் கன்ட்ரோலர். லெட் ஆசிட்டில் சி20 கணக்கில் (20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்து அளப்பது) 150 ஏஎச் என்று எழுதியிருந்தால், சோலாருக்கு வழக்கமாகப் பார்க்கும் சி10 கணக்கில் (10 மணி நேரத்தில்) அது குறையும். அதிலும் பாதிக்கு மேல் தினமும் காலி செய்தால் ஆயுள் போய்விடும். ஆனாலும் லெட் ஆசிட்டை நான் மட்டம் தட்ட மாட்டேன். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியைப் பெரிய டியூபுலர் வகை லெட் ஆசிட் பேட்டரிகள் முணுமுணுக்காமல் தாங்கும்.

நீங்கள் வாங்கும்போது பேட்டரியின் தொடர் டிஸ்சார்ஜ் எத்தனை ஆம்பியர், உச்சம் எத்தனை, அந்த உச்சம் எத்தனை நொடிக்கு என்று எழுத்தில் கேளுங்கள். இன்வெர்ட்டர் நிறுவனம் வெளியிடும் பொருந்தும் பேட்டரிப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சீரியல் நம்பர் இல்லாத பில்லுக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். அந்தத் தவணைக்கு முன் மெயினை ஆஃப் செய்து, பேனல் லைனையும் பிரித்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. ஆள் மழுப்ப ஆரம்பித்தால் சங்கதி அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது அவர்கள் சொல்லும் தீர்வு, இதே போல இன்னொரு பேட்டரியை நான் வாங்கிப் பேரலலில் சேர்ப்பது. கணக்குப்படி சரிதான், 100 ஆம்பியர் வரும். ஆனால் மொத்த வீடும் ஓடும் என்று சொல்லித்தானே முதல் செட்டுக்குப் பணம் வாங்கினார்கள், இரண்டாவதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? மோட்டாரைப் பேட்டரி லைனிலிருந்து பிரித்து வைத்திருக்கிறேன், கரண்ட் இருந்தால் மட்டும் ஓடும். நிறுவனத்துக்கு நான் எழுதிய புகார்க் கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. வந்தால் கீழே சேர்க்கிறேன்.