ஏசி ட்ரெயின் பைப்பைச் சுவருக்குள் புதைக்கக் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

கோபம் தணிந்த பிறகு எழுது என்று வீட்டில் சொன்னார்கள். தணிகிற மாதிரி தெரியவில்லை, இப்போதே எழுதுகிறேன். 14,500 போய்விட்டது. ஏசி வாங்கிய பணம் தனி. இது அந்த ஏசியில் ஊறும் தண்ணீரை வெளியே கொண்டுபோக ஒரே ஒரு குழாய் பதித்ததற்கு.

அம்மாவின் அறையில் ஏசி மாட்ட வசதியாக இருந்த சுவர் உள்சுவர். அதனால் சுவரில் காடி, அதாவது நீளமான பள்ளம், வெட்டி, ட்ரெயின் பைப்பைப் பக்கத்துக் குளியலறை வரை மறைவாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஆப் ஒன்றில் பதிவு செய்தேன். பெயர் போடவில்லை. 25 மி.மீ. பிவிசி பைப், முழு நீளத்துக்கும் இன்சுலேஷன், காடி வெட்டுவது, பூச்சு எல்லாம் சேர்த்து 14,500 என்று பில்லில் வரிவரியாகப் போட்டு அனுப்பினார்கள். அந்த பில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வந்தவர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். ரசமட்டத்தை எடுத்து ஏசி மாட்டும் தகட்டின் மேல் வைத்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கம்மா, குமிழி நடுவுல நிக்குது. பைப்புக்கு அடிக்கு ஒரு நூல் வாட்டம் குடுத்துடுவேன், தண்ணி தேங்கவே தேங்காது." ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அடிக்கு அவ்வளவு சரிவு என்பது சரியான கணக்குதான். நூறுக்கு ஒன்று என்ற சரிவுக்கு அது கீழே போகாது. இவ்வளவு விவரம் தெரிந்தவர், வேலையும் அப்படித்தான் செய்வார் என்று நம்பினேன். பிறகு இன்னொன்று சொன்னார்: "மேடம், காடி வெட்டும்போது தூசி பறக்கும். அம்மாவுக்கு ஆகாது. கதவைச் சாத்திட்டு அந்த ரூம்ல இருங்க, முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்." முன்பின் தெரியாத மனிதர் அம்மாவுக்காக இப்படி யோசிக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். இதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால்தான் எல்லாமே நடந்திருக்கிறது.

கூப்பிட்டபோது சுவர் பூசி முடிந்திருந்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஏசியின் ட்ரேயில் ஊற்றி, குளியலறையில் அது வந்து விழுவதைக் காட்டினார். வேலை முடிந்ததற்கான ஓடிபி கேட்டார், சொன்னேன். 14,500 அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச காலம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் சுவரில் பைப் போகும் பாதையிலேயே கோடு போட்ட மாதிரி ஈரம் கசிந்தது. பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது. ஒரு ராத்திரி ஏசியின் முன்பக்கத்திலிருந்தே தண்ணீர் கொட்டி அம்மாவின் மெத்தை நனைந்துவிட்டது.

ஆப்பில் புகார் கொடுத்தேன். "ஈரப்பதம் அதிகமா இருக்கும்போது ஏசி வேர்க்கிறது சகஜம் மேடம்" என்றார்கள். சுவர் ஏன் வேர்க்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை, புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டால் வேறொருவர், "ஃபில்டர்ல அழுக்கு இருக்கும், சர்வீஸ் புக் பண்ணுங்க" என்றார். அதற்கும் தனிக் கட்டணமாம். அடுத்தவர், "வீட்டுல சார் இருந்தா குடுங்க மேடம், டெக்னிக்கலா சொல்லணும்" என்றார். பில் என் பெயரில், பணம் என் கணக்கிலிருந்து, பேச மட்டும் சார் வேண்டுமா? ஏசி கம்பெனியிலிருந்து வந்து பார்த்தவர் மெஷினில் கோளாறே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதையும் அனுப்பினேன். கடைசியாக வந்த பதில்: "ஓடிபி குடுத்துட்டீங்க, வேலை திருப்தின்னுதான் அர்த்தம். சுவருக்குள்ள இருக்கிறதுக்கு நாங்க பொறுப்பில்லை." சுவருக்குள் வைக்கத்தானே 14,500 வாங்கினீர்கள்?

தெரிந்த பிளம்பரை வைத்துச் சுவரை உடைத்தோம். உள்ளே பிவிசியே இல்லை. சுருக்குச் சுருக்காக வளையுமே, அந்த மெல்லிய ஹோஸ்! இன்சுலேஷன் ஒரு அங்குலம்கூடக் கிடையாது. நடுவில் இருந்த இணைப்பில் பசையும் இல்லை, வெறும் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஹோஸ் நடுவில் தொய்ந்து குழியாகக் கிடந்தது. காடியில் வாட்டமும் இல்லை. பிளம்பர் அண்ணன் அதை வெட்டிக் காட்டினார், உள்ளே கறுப்பாக வழவழவென்று பாசி.

ஊற்றிய அன்று தண்ணீர் வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. புது ஹோஸில் மொத்தமாக ஊற்றினால் குழி நிரம்பி மிச்சம் வெளியே வந்துவிடும். ஆனால் ஏசி ஓடும்போது தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். புழுக்கமான நாளில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட ஊறும். அதோடு வரும் தூசி அந்தக் குழியில் தங்கி, சுருக்கங்களில் ஒட்டி, பாசி பிடித்து அடைத்துக்கொள்கிறது. போக வழியில்லாத தண்ணீர் ட்ரே நிரம்பி அறைக்குள் கொட்டுகிறது. சுவர் ஈரத்துக்கு இரண்டு காரணம். டேப் இணைப்பில் கசிந்தது ஒன்று. அது சில்லென்ற தண்ணீர் என்பதால், இன்சுலேஷன் இல்லாத ஹோஸின் வெளிப்பக்கமும் வேர்த்துச் சுவரை நனைத்திருக்கிறது.

உடைத்தபோது எடுத்த போட்டோக்களை அனுப்பினேன். "நீங்களே சுவரை உடைத்ததால் வாரண்டி செல்லாது" என்று பதில் வந்தது. 14,500 திரும்பி வராது என்பது அத்தோடு உறுதி. மறுபடி காடி, மறுபடி பைப், மறுபடி பூச்சு, பெயின்ட் எல்லாம் அதற்கு மேல்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான். பூசுவதற்கு முன் திறந்த காடியைக் கண்ணால் பாருங்கள், ரசமட்டத்தைப் பைப்பின் மேலேயே வைக்கச் சொல்லுங்கள், முழு நீளத்துக்கும் போட்டோ எடுங்கள். சுவருக்குள் சுருக்கு ஹோஸ் வேண்டவே வேண்டாம். பைப்பின் மறுமுனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது, சாக்கடைக் குழாயோடு நேராக இணைக்கவும் விடாதீர்கள், நாற்றமும் பூச்சியும் அறைக்கே வரும். தூசி பறக்கும், வெளியே இருங்கள் என்றால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். காடி திறந்திருக்கும்போதே தண்ணீர் ஊற்றி, எங்கும் தேங்கவில்லை என்று பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.