எப்போதாவது பிரிண்ட் எடுக்கும் வீட்டுக்கு லேசர்தான்: பல வருட அனுபவம்

வீட்டுக்குப் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஒரு பக்கத்துக்கு எவ்வளவு செலவாகும்?" கடைக்காரரும் அதற்குத்தான் கால்குலேட்டரை எடுப்பார். தினமும் நூறு பக்கம் அடிக்கிற அலுவலகத்துக்கு அது சரியான கேள்வி. மாதத்துக்கு இருபது பக்கம் அடிக்கிற வீட்டில் கேட்க வேண்டியது வேறு. இரண்டு மாதம் யாரும் தொடாமல் கிடந்த மெஷின், ராத்திரி பத்து மணிக்கு ஹால் டிக்கெட் வேண்டும் என்றால் முதல் தாளையே சுத்தமாகத் தருமா? எங்கள் வீட்டில் முன்பு கார்ட்ரிட்ஜ் போடுகிற இங்க்ஜெட் இருந்தது. பல வருடமாக இப்போது கருப்பு-வெள்ளை லேசர் ஓடுகிறது. அண்ணன் வீட்டில் பாட்டிலிலிருந்து மை ஊற்றி நிரப்புகிற இங்க் டேங்க். மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

எங்கள் தேவை பெரும்பாலான வீடுகளின் தேவைதான். பட்டா, வில்லங்கச் சான்று, இ-ஆதார், டிஎன்பிஎஸ்சி, நீட் ஹால் டிக்கெட், பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் ஒர்க்‌ஷீட், இன்சூரன்ஸ் படிவம். தேர்வுக் காலத்தில் ஒரே வாரத்தில் ஐம்பது பக்கம் போகும். அப்புறம் கோடை விடுமுறை முழுக்க மெஷின் துணி மூடியபடி கிடக்கும். இதில் வண்ணம் இருந்தே ஆக வேண்டும் என்பது ஒன்றிரண்டுதான். பட்டாவில் இருக்கும் கியூஆர் கோடு கருப்பு-வெள்ளையிலும் நன்றாகவே ஸ்கேன் ஆகிறது.

இங்க்ஜெட் பிரிண்டரில் மை வெளியே வரும் துளை தலைமுடியைவிட மெல்லியது. மையில் பெரும்பகுதி தண்ணீர். அடிக்காமல் விட்டால் அந்தத் துளையின் வாயில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். எல்லாப் பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது. நாசில் செக் என்று ஒரு சோதனைப் பக்கம் உண்டு. மெல்லிய கோடுகள் படிக்கட்டு மாதிரி வரிசையாக வரும். எங்கே கோடு அறுந்திருக்கிறதோ அங்கே துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பழைய மெஷினில் பள்ளி திறக்கும் ஜூன் மாதம் அந்தப் பக்கத்தை எடுத்தால் மஞ்சள் கட்டம் பாதிக்கு மேல் வெறும் தாளாக இருக்கும். கருப்பில் ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே வெள்ளைக் கீற்று ஓடும். கிளீனிங் கொடுத்தால் ஒரு பக்கம் சரியாகும், அடுத்ததில் மறுபடி விட்டுப்போகும்.

அந்தக் கிளீனிங் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் செலவு எங்கே போகிறது என்பதும் புரிந்துவிடும். மெஷின் மையை உறிஞ்சி இழுத்துத் துளை வழியாக ஓடவிடுகிறது. அப்படி ஓடிய மை உள்ளே இருக்கும் ஒரு பஞ்சுப் பட்டையில் போய்ச் சேர்கிறது. தாளில் ஓர் எழுத்துக்கூட விழாமலே கார்ட்ரிட்ஜ் இறங்கிக்கொண்டே வரும். அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாக மெஷினின் கணக்கு சொன்னால், பல மாடல்களில் பிரிண்டரே நின்றுவிடும், சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சில மாடல்களில் அந்தப் பஞ்சு இருக்கும் பெட்டியை நாமே மாற்றிக்கொள்ளலாம். இங்க்ஜெட்தான் வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். மூன்று வண்ணமும் ஒரே டப்பாவில் இருக்கிற கார்ட்ரிட்ஜ் என்றால் இன்னொரு வயிற்றெரிச்சலும் சேரும். மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் முழு டப்பாவையும் தூக்கிப் போட வேண்டும்.

"அதான் இங்க் டேங்க் வந்துவிட்டதே" என்பார்கள். டேங்க் நல்ல பொருள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அது யாருக்காக வந்தது என்று பாருங்கள். எப்சன் 2010-ல் டேங்க் பிரிண்டரை முதலில் இறக்கியது இந்தோனேசியாவில். கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாமல், வெளியில் டப்பா வைத்துக் குழாய் போட்டு மை ஏற்றி நிறைய அடித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே அதிகம். நிறைய அடிப்பவர்களுக்காகப் பிறந்த மெஷின் அது. எப்சனின் 003 கருப்பு மை பாட்டில் 65 மில்லி, 4,500 பக்கம் வரும் என்கிறது நிறுவனம். வண்ண மூன்றும் சேர்ந்து 7,500 பக்கம். மாதம் இருபது பக்கம் என்றால் வருடத்துக்கு 240. ஒரு கருப்பு பாட்டில் தீரப் பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு காலம் அந்த மையும் இருக்காது, மெஷினும் இருக்காது. பக்கத்துக்குப் பத்து பைசா என்கிற கணக்கு நம் வீட்டுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அண்ணன் வீட்டு டேங்க் பிரமாதமாக ஓடுகிறது. அண்ணி டியூஷன் எடுக்கிறார். தினமும் பத்துப் பதினைந்து பக்கமாவது போகும், அதில் பாதி வண்ணப் படம். துளை காய நேரமே இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் லேசரைச் சொல்லவே மாட்டேன். ஏற்கெனவே டேங்க் வாங்கிவிட்டு அதிகம் பயன்படுத்தாதவர்களுக்கு இரண்டு விஷயம். வாரம் ஒருமுறை நான்கு வண்ணமும் இருக்கிற ஒரு பக்கம் அடித்துவிடுங்கள். அணைக்கும்போது மெஷினில் உள்ள பட்டனை அழுத்தி அணையுங்கள், சுவர் சுவிட்சை நேராகத் தட்டாதீர்கள். பட்டனில் அணைத்தால்தான் மைத் துளைகள் இருக்கும் பிரிண்ட் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும். வேலை நடுவில் சுவிட்சைத் தட்டினால் ஹெட் பாதி வழியில் திறந்தே நின்று காயும். நம் வீடுகளில் தூங்கப் போகும் முன் எல்லா சுவிட்சையும் தட்டுகிற நல்ல பழக்கம் இந்த ஒரு பொருளுக்கு மட்டும் ஆகாது.

இனி லேசர். டோனர் என்பது காய்ந்த பொடி. மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள், அதில் கருமை சேர்த்திருப்பார்கள். டிரம் என்கிற உருளையில் லேசர் ஒளி எழுத்தை வரைய, பொடி அந்த இடத்தில் ஒட்டி, தாளுக்கு மாறி, சுமார் 200 டிகிரி சூட்டில் உருகித் தாளோடு பிடித்துக்கொள்ளும். காய்வதற்கு இதில் திரவமே இல்லை. எங்கள் லேசர் இரண்டு மூன்று மாதம் சும்மா கிடந்துவிட்டு, ஆன் செய்து சூடானதும் தரும் முதல் தாள், போன வாரம் அடித்த தாளைப் போலவே இருக்கும். இத்தனை வருடத்தில் இதில் மாற்றமில்லை. இந்த ஒரு குணத்துக்காகவே நான் மறுபடியும் லேசர்தான் வாங்குவேன்.

இரண்டாவது நிம்மதி, மழை. தேர்வு மையத்துக்குப் போகிற வழியில் நனைந்தாலும் எழுத்து கரையாது. சாதாரண இங்க்ஜெட் வண்ண மையில் ஒரு சொட்டு விழுந்தாலே ஊதா வட்டமாகப் பரவிவிடும்.

டோனர் செலவு பயப்படும்படி இல்லை. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் எச்பி 1020, எம்1005, கேனான் எல்பிபி 2900 மூன்றையும் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். எச்பி இரண்டுக்கும் 12ஏ கார்ட்ரிட்ஜ், கேனானுக்கு அதே அளவுள்ள 303. பெட்டிக் கணக்குப்படி 2,000 பக்கம். நம் 240 பக்கக் கணக்கில் எட்டு வருடம். நிஜத்தில் அதற்கு முன்பே தீரும், ஏனென்றால் அந்த எண்ணிக்கை தாளில் சுமார் 5 சதவீதம் மட்டும் கருமை படும் பக்கத்துக்கு. படம் நிறைந்த பாடப்புத்தகப் பக்கம் பல மடங்கு இழுக்கும். புது மெஷினோடு வருகிற டோனர் பெரும்பாலும் அரைகுறையாக நிரப்பியது என்பதையும் மனதில் வையுங்கள்.

எழுத்து ஒரு பக்கமாக மங்கத் தொடங்கினால் உடனே புது டோனர் தேட வேண்டாம். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, படுக்கை வாக்கில் பிடித்து, இடமும் வலமுமாக மெதுவாக ஐந்தாறு முறை ஆட்டிவிட்டுப் போடுங்கள். ஓரத்தில் குவிந்திருந்த பொடி சமமாகி இன்னும் பல பக்கம் வரும். பச்சையாகவோ நீலமாகவோ பளபளக்கிற டிரம் மேல் விரல் படக்கூடாது, வெயிலிலும் காட்டக்கூடாது. பொடி கையில் கொட்டினால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் ஊற்றினால் அது பிளாஸ்டிக் என்பதால் ஒட்டிக்கொள்ளும்.

ரீஃபில் செய்து தருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நானும் செய்கிறேன். ஒரே கார்ட்ரிட்ஜை இரண்டு மூன்று தடவைக்கு மேல் நிரப்பினால் டிரம் தேய்ந்துவிடும். தாளில் ஒரே கரும்புள்ளி சுமார் ஏழரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால், இந்த 12ஏ வகைச் சின்ன கார்ட்ரிட்ஜில் டிரம்மில் கீறல் விழுந்திருக்கிறது. டிரம் ஒரு முறை சுற்றி வரும் தூரம் அது. ரீஃபில்காரர் "பவுடர் சரியில்லை, மாற்றித் தருகிறேன்" என்று சொன்னால் ஸ்கேலை வைத்து அளந்து காட்டுங்கள். பிரதர் மாதிரி சில பிராண்டுகளில் டிரம்மும் டோனரும் தனித்தனி. அங்கே டிரம் விலையையும் முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும். புது மாடல்கள் பலவற்றில் கார்ட்ரிட்ஜில் சிப் இருக்கிறது, வேறு கம்பெனி டோனரை மெஷின் ஏற்காமல் போகலாம். ரீஃபில் செய்யும் எண்ணம் இருந்தால் சிப் இல்லாத மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

லேசரால் முடியாததையும் சொல்ல வேண்டும். நல்ல போட்டோ பிரிண்ட் எடுக்க முடியாது. இங்க்ஜெட்டுக்கான பளபள போட்டோ தாளை இதில் விடவே கூடாது, அதன் பூச்சு சூட்டில் உருகி உள்ளே உருளையில் ஒட்டிவிடும். பள்ளி புராஜெக்ட்டுக்கு வண்ணப் படம் வேண்டுமென்றால் நாங்கள் கடைக்குத்தான் போகிறோம். வருடத்தில் சில முறை நடக்கிற அந்த வேலைக்காக வீட்டில் நான்கு வண்ண மையைக் காயவைத்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மின்சாரம் அடுத்தது. உள்ளே சூடேறும் அந்தச் சில நொடி பல லேசர்கள் ஆயிரம் வாட் பக்கம் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டர் லைனிலும் கொடுக்காதீர்கள். நேராகச் சுவர் பிளக்கில்தான். கரண்ட் இல்லாத நேரத்தில் லேசர் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும், இங்க்ஜெட்டுக்கு இந்த இடத்தில் ஒரு படி மேல்.

தாள் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஈரத்தை இழுத்து நமுத்துவிடும். நமுத்த தாள் லேசரில் சுருண்டு வரும், இரண்டிரண்டாக இழுக்கும், நடுவில் சிக்கும். எப்போதாவது அடிக்கிற வீட்டில் ஒரே கட்டுத் தாள் மாதக்கணக்கில் டிரேயிலேயே கிடப்பதால் இது இன்னும் அதிகம். நான் டிரேயில் இருபது தாளுக்கு மேல் வைப்பதில்லை. மீதியை அதன் உறையோடு பெரிய ஜிப் கவரில் போட்டு அலமாரியில் படுக்கவைத்துவிடுவேன். வைக்கும் முன் ஒரு முறை விசிறிவிட்டு வைத்தால் ஒட்டாது. இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு தாள் சிக்குவது அபூர்வமாகிவிட்டது. எங்கள் வீட்டில் டிஎன்பிஎல் தாள், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தயாராவது. இருபக்கமும் அடிக்க 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம்) வாங்குங்கள், பின்பக்க எழுத்து தெரியாது. பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அதனால் 80 ஜிஎஸ்எம்மில் ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரை கிலோ. எடை குறைந்தால் தாளும் மெல்லியது.

வருடத்துக்கு ஐந்தாறு பக்கம்தான் என்றால் பிரிண்டரே வேண்டாம், ஜெராக்ஸ் கடை போதும் என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு உறுத்தல் உண்டு. இ-ஆதாரைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம். பாஸ்வேர்டு கேட்டால், பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் என்று வரிசையில் நிற்கும் எல்லார் காதிலும் விழச் சொல்கிறோம். அந்தக் கோப்பு அந்தக் கணினியின் டவுன்லோட்ஸில் எத்தனை காலம் கிடக்கும்? பான் கார்டு, வங்கி ஸ்டேட்மென்ட், பத்திர நகல் எல்லாம் இதே வழிதான். கடைக்காரர்மேல் எனக்குக் குறை இல்லை, அவருக்கு அழிக்க நேரம் இருக்காது. கடையில்தான் எடுக்க வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை எடுத்துப் போங்கள், வேலை முடிந்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். தமிழ்க் கோப்பு என்றால் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோவது நல்லது.

வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது வைஃபை. யுஎஸ்பி-யை மட்டும் நம்பி, கணினியில் டிரைவர் என்கிற தனி மென்பொருள் கேட்கிற மாடல், கணினி மாறினால் தகராறு செய்யும். விண்டோஸ் புதுப்பதிப்பு வந்ததும் டிரைவர் கிடைக்காமல் நல்ல மெஷினை மூலையில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏர்பிரிண்ட், மோப்ரியா இரண்டும் உண்டு என்று பெட்டியில் போட்டிருந்தால் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் டிரைவர் இல்லாமலே அடிக்கலாம். பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும், வீட்டு ரவுட்டரில் அது ஆனில் இருக்க வேண்டும். இருபக்கமும் தானே அடிக்கிற டூப்ளெக்ஸ் வசதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஸ்கேனர் சேர்ந்த மாடல் வேண்டுமா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. போன் ஸ்கேனே பல இடத்துக்குப் போதும், பழைய பத்திரத்தை நெளியாமல் எடுக்க மட்டும் கண்ணாடி ஸ்கேனர் உதவும். பணம் கட்டும் முன், உங்கள் போனில் இருக்கும் தமிழ் பிடிஎஃப் ஒன்றைக் கடையிலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.