உடைந்த ரீடெய்னர், புதியது வரும்வரை: எது கைகொடுக்கும், எது கெடுக்கும்

பிரேஸ் கழற்றியதும், நேரான பற்கள் மறுபடி நகராமல் பிடித்து வைக்கக் கையில் கொடுக்கும் ரீடெய்னர்களில் இப்போது அதிகம் புழங்குவது கண்ணாடிபோல் இருக்கும் பிளாஸ்டிக் வகை. லேப்களில் எசிக்ஸ் என்பார்கள். போட்டிருப்பது வெளியே தெரியாது, ஓரிரு நாளில் பேச்சும் பழகிவிடும். அந்த வகையில் நல்ல பொருள்தான். ஆனால் உடைந்தால் ஒட்ட முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். தேய்ந்து தீரும் பொருள் என்று நினைத்தே இதை வாங்க வேண்டும்.

0.75 முதல் 1 மிமீ கனமுள்ள தகட்டைச் சூடாக்கி, பல் மாடல் மேல் உறிஞ்சி அழுத்தி இதைச் செய்கிறார்கள். அழுத்தும்போது தகடு இழுபடுவதால் முன்பற்களின் நுனியிலும் கோரைப்பல் முனையிலும் மெலிந்துவிடும். பலர் எப்போதும் ஒரே பக்கத்தில் நகத்தை விட்டு நெம்பிக் கழற்றுவார்கள். தினமும் ஒரே இடம் வளைந்து வளைந்து கடைசியில் விண்டு போகும். அதற்கு முன்பே ஓர் அடையாளம் தெரியும். கழுவித் துடைத்து விளக்குக்கு நேரே பிடித்தால் மயிரிழைபோல் ஒரு வெள்ளைக்கோடு இருக்கும். கோடு தெரிந்த அன்றே புதியதற்குச் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு அவசரம் என்பது பிரேஸ் எடுத்து எத்தனை மாதம் ஆகிறது என்பதைப் பொறுத்தது. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழக மூன்று, நான்கு மாதம் வேண்டும். ஈறில் உள்ள நார்களுக்கு ஆறு மாதம் வரை ஆகும். பல்லின் கழுத்தைச் சுற்றியுள்ள மீள்நார்கள் அடங்க ஏறக்குறைய ஒரு வருடம். முதல் வருடத்துக்குள் உடைந்தால் அன்றே கிளினிக்குக்கு போன் செய்ய வேண்டும். முறுக்கி இருந்து நேராக்கிய பல்லும், இடைவெளி மூடிய முன்பற்களும்தான் முதலில் நகரும்.

இடைக்கால வழிகளில் முதலிடம் பழைய அலைனருக்கு. கம்பிக்குப் பதில் வரிசையாக மாற்றி மாற்றிப் போடும் அலைனர் என்ற பிளாஸ்டிக் உறையில் சிகிச்சை நடந்திருந்தால், கடைசி நம்பரை எடுத்துக் கழுவிப் போடுங்கள், அதைவிட நல்ல மாற்று கிடையாது. கடைசி இரண்டு ஜோடியைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

உடைந்ததையே போடலாமா? விரிசல் மட்டும் விட்டு, இன்னும் ஒரே துண்டாகப் பல்லில் இறுக்கமாக உட்கார்ந்தால், டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு போடலாம். கூரான விளிம்பை நகம் ராவும் மெல்லிய அரத்தால் மழுக்கி, நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். இரண்டாகப் போயிருந்தாலோ, சிறு துண்டு ஆடினாலோ வேண்டவே வேண்டாம். தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து உண்டு.

சூப்பர் க்ளூவைத் தொடவே தொடாதீர்கள். வாய்க்குள் வைப்பதற்கான பசை அல்ல அது, ஈறைப் புண்ணாக்கும். பசையின் கனத்தில் இரண்டு பாதியும் இம்மியளவு விலகி ஒட்டினாலே போதும், பல்லைப் பிடித்து வைக்க வேண்டியது பல்லைத் தள்ள ஆரம்பித்துவிடும். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் மணிகளை வாங்கித் தாங்களே வார்த்துக்கொள்பவர்களும் உண்டு. பல்லிடுக்குக்குள் இறங்கி இறுகிவிட்டால் கழற்ற டாக்டரிடம் ஓட வேண்டியிருக்கும். விளையாட்டுக் கடையில் கிடைக்கும், வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மவுத்கார்டு அடியைத் தாங்கும் மெத்தை. பற்களை இடத்தில் நிறுத்தும் பிடிப்பு அதற்கு இல்லை.

கம்பியும் அக்ரிலிக் தகடும் சேர்ந்த ஹாலி ரீடெய்னர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். தகடு பிளந்தால் சூடாக்காமலே இறுகும் குளிர்முறை அக்ரிலிக் வைத்து லேப்பில் பெரும்பாலும் ஒட்டிவிடலாம். எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு போங்கள். கம்பி தளர்ந்தால் டாக்டர் இடுக்கியால் இறுக்கித் தருவார், வீட்டில் வளைக்கக் கூடாது. பார்வைக்கு அழகில்லை, முதலில் பேச்சும் கொஞ்சம் குழறும். ஆனாலும் இரவில் மட்டும் போடுபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

பல்லின் உட்புறம் ஒட்டிய நிலைக்கம்பியில் சிக்கல் வேறு மாதிரி. ஒரு பல்லில் மட்டும் பசை விட்டிருக்கும், கம்பி அதே இடத்தில் இருப்பதாகவே தோன்றும், அந்தப் பல் மட்டும் மெல்ல நகரும். நாக்கில் புதிதாக ஏதாவது உறுத்தினாலோ, ஒரே இடத்தில் சாப்பாடு சிக்கினாலோ சந்தேகப்படுங்கள். குத்தும் முனைக்கு பிரேஸ் மெழுகு போதும். பட்டாணி அளவு உருட்டி, இடத்தை டிஷ்யூவால் ஒற்றி உலர்த்திய பிறகு அழுத்துங்கள், ஈரத்தில் ஒட்டாது. கம்பியை இழுக்கவோ நகவெட்டியால் நறுக்கவோ வேண்டாம்.

புதியதற்கு போன் செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். என் பல் மாடலோ ஸ்கேன் ஃபைலோ இருக்கிறதா? தகட்டை மாடல் மேல் பிரஸ் செய்யும் மெஷின் உங்களிடமே இருக்கிறதா? இரண்டும் இருந்து, பல்லும் நகராமல் இருந்தால், காலையில் சொல்லி மாலையில் வாங்கிவிட முடியும். நாள் தள்ளிப்போயிருந்தால் புதிதாக ஸ்கேன் எடுப்பதே சரி. அல்ஜினேட் என்ற அச்சுப் பசையில் பல் அளவு எடுத்தால் உடனே பிளாஸ்டர் ஊற்ற வேண்டும், காய்ந்தால் சுருங்கிவிடும். அதை ஈரத்துணியில் சுற்றி வைத்து சாயங்காலம் வெளி லேப்புக்கு அனுப்பும் இடத்தில் ரீடெய்னர் சரியாக உட்காராமல் போவது இதனால்தான். சிலிகான் அளவு பயணத்தைத் தாங்கும். தபாலில் வரும் வீட்டு அளவு கிட்டுகளில் கடைசிக் கடைவாய்ப்பல் சரியாகப் பதியாமல் போவது வழக்கம். மூடப்படாத பல் நாளடைவில் மேலெழும், கடி மாறிவிடும்.

ஒரே மாடலில் இரண்டாக பிரஸ் செய்து தரச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு ஒரு தகடும் சில நிமிடமும்தான் கூடுதல் செலவு, விலையும் குறைத்துக் கேட்கலாம்.

கைக்கு வந்ததும் விரலால் இருபுறக் கடைவாயிலும் சமமாக அழுத்தி உட்கார வையுங்கள். கடித்து இறக்கினால் புதியதும் விரிசல் விடும். முதல் இரண்டு மூன்று இரவு இறுக்கம் சகஜம். முன்பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பல் நகர்ந்துவிட்டது, அமுக்காமல் திரும்பக் கொண்டுபோங்கள். கழுவப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீரில் கோணிவிடும்.

பழைய துண்டுகளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். இரண்டாம் முறையும் அதே இடத்தில் உடைந்திருந்தால் இரவில் பல் நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருக்கலாம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு கனமான தகடாகப் போடச் சொல்வார்.