விமானத்தின் பிளாஸ்டிக் ஜன்னலுக்கு எந்த சீலண்ட்? வேலூர் வெயிலை வைத்து ஓர் அலசல்

காட்பாடிப் பக்கம் ஒரு தகர ஷெட்டில் நண்பர் ஒருவர் இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானத்தை கிட்டாக, அதாவது தயார் பாகங்களாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். மும்பையில் அமோல் யாதவ் மொட்டைமாடியில் கட்டிய விமானத்துக்கு 2017-ல் பதிவு எண் கிடைத்ததிலிருந்து, இந்த ஆசை பிடித்தவர்களை ஊர் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறது. இறக்கை, வால் எல்லாம் முடிந்து இப்போது வேலை ஜன்னலில் வந்து நிற்கிறது. "எதைப் போட்டு அடைக்கலாம்?" என்று அவர் கேட்ட ஒரு கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் வந்தது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானதை எழுதுகிறேன்.

முதலில் ஜன்னல் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி சின்ன விமானங்களில் இரண்டே பிளாஸ்டிக்தான். ஒன்று அக்ரிலிக்; பிளெக்ஸிகிளாஸ் என்பதும் இதுதான். இன்னொன்று பாலிகார்பனேட், லெக்ஸான் என்ற பெயரில் பலருக்குப் பழக்கம். அக்ரிலிக் வெயிலைத் தாங்கும், கீறலைத் தேய்த்து எடுக்கலாம், ஆனால் சட்டென்று உடையும். பாலிகார்பனேட்டைச் சுத்தியால் அடித்தாலும் லேசில் உடையாது. ஆனால் ரசாயனம் என்றால் தொட்டாற்சிணுங்கி. பெட்ரோல் பட்டால் போதும், இழுவிசை இருக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் ஓட ஆரம்பித்துவிடும். மேலே இறக்கையில் டேங்க் வைத்த விமானத்தில், பெட்ரோல் ஊற்றும்போது கண்ணாடியில் சிந்துவது சகஜம். அதனால் பாலிகார்பனேட் போட்டவர்கள் ஓரத்தை அடைக்கும் சீலண்டில் மட்டுமல்ல, புனல் பிடிப்பதிலும் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு, அதுதான் இங்கே பெரிய விஷயம். சூடானால் இவை அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விரியும். ஒரு மீட்டர் அக்ரிலிக், ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 0.07 மி.மீ. நீளும், அலுமினியம் 0.023 மி.மீ.தான். 90 செ.மீ. அகல முன்கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். மார்கழி விடியலுக்கும், கத்திரி வெயிலில் மூடிக் கிடக்கும் காக்பிட்டுக்கும் 45 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், கண்ணாடி 2.8 மி.மீ. நீளும், சட்டம் 0.9 மி.மீ.தான் நீளும். இடையில் கிட்டத்தட்ட 2 மி.மீ. இடித்துக்கொள்கிறது. இரும்புக் குழாய்ச் சட்டமாக இருந்தால் இடைவெளி இன்னும் கூடும். வேலூர் வெயிலைப் பற்றி நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. குளிர் நாட்டுக்காரர் "எனக்குப் பிரச்சினையே வரவில்லை" என்று சொல்வதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.

ஆக, திருகும் ரிவெட்டும் பிடித்திருக்கும் ஜன்னலில் சீலண்டின் வேலை ஒட்டுவது அல்ல. தண்ணீரையும் காற்றையும் தடுத்துக்கொண்டு, கண்ணாடி நகர விடுவது. இதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் ஏ.சி. 43.13-1பி கையேடு, பிளாஸ்டிக்கில் போடும் துளை ஸ்க்ரூவைவிட 1/8 அங்குலம் பெரிதாக இருக்கட்டும் என்கிறது. கெட்டியாகப் பிடிக்கிறதா என்று மட்டும் கேட்டு சீலண்ட் வாங்கினால் தப்பான பொருள்தான் கைக்கு வரும்.

சிலவற்றை ஒரே மூச்சில் தள்ளிவிடலாம். அரால்டைட், எம்-சீல் எல்லாம் கல்லாக இறுகும். முதல் கோடையிலேயே ஓரம் விட்டுப்போகும், இல்லாவிட்டால் கண்ணாடியில் விரிசல் விழும். ஃபெவிக்விக் வகைப் பசை அக்ரிலிக்கில் வெள்ளையாகப் பூத்துக் கண்ணாடியைக் கெடுக்கும். நம் பக்கத்துக்கே உரிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது: ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கே திரும்பினாலும் தோலும் ஷூவும்தான். எந்தக் கடையிலும் சொல்யூஷன் டப்பா கிடைக்கும், எதையும் ஒட்டும். அதில் இருக்கும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் தின்றுவிடும். ஷூவோடு நிற்கட்டும்.

சிலிகான்: நல்லதும் கெட்டதும் ஒரே டியூபில்

லாங் பஜாரில் போய் "அண்ணே, சிலிகான் குடுங்க" என்றால் பெரும்பாலும் கிடைப்பது மீன்தொட்டிக்குப் போடும் ரகம். பிதுக்கியதும் புளிப்பு வாடை மூக்கைத் துளைக்கும். அது இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடுகிறது, அலுமினியத்தை அரிக்கிறது. விமானத்தில் அதற்கு இடமில்லை. "நியூட்ரல் இருக்கா?" என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதாம்பா, நல்லாப் புடிக்கும்" என்று பதில் வரும். ஒன்றல்ல; நியூட்ரல் என்பது அந்த அமிலத்தை விடாத ரகம். டியூபின் மேல் நியூட்ரல் க்யூர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். அதிலும் ஆக்ஸைம், ஆல்காக்ஸி என்று இரண்டு உண்டு. பாலிகார்பனேட்டுக்கு ஆல்காக்ஸி ரகம்தான் பத்திரம்.

நியூட்ரல் சிலிகானின் பலம் வெயில். புற ஊதாக் கதிர் அதை ஒன்றும் செய்யாது. 100 டிகிரி தாண்டியும் ரப்பராகவே இருக்கும். நன்றாக நீண்டு சுருங்கும். விலையும் மலிவு, கிடைப்பதும் எளிது. பிறகு ஏன் விமானம் கட்டுபவர்கள் பாதிப் பேர் அதைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள்? பெயின்ட்தான் காரணம். சிலிகான் இருந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாது. தூசியாகப் பட்டிருந்தாலும் பெயின்ட் குழிகுழியாக விலகும். பழைய சிலிகான் மேல் புதுச் சிலிகானைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது. ஸ்ப்ரே பெயின்டர் ஒருவரிடம் சிலிகான் பட்ட பாகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள், என்ன வாங்கிக் கட்டிக்கொள்கிறீர்கள் என்று தெரியும்.

எனக்கு இது சிலிகானின் குற்றமாகவே தோன்றவில்லை. வேலை வரிசையின் குற்றம். பெயின்ட் முழுதாக முடிந்து, காய்ந்து, ஸ்ப்ரே கன்னைக் கழுவி வைத்த பிறகு ஷெட்டுக்குள் சிலிகான் வரட்டும். அதற்கு முன்னால் டியூபின் மூடியைக்கூடத் திறக்க வேண்டாம்.

பி.யூ.: கார் கண்ணாடிக்காரர் சொல்வது

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கார், பஸ் கண்ணாடி மாற்றும் கடைகளில் பி.யூ., அதாவது பாலியூரிதேன்தான் ராஜா. "வண்டி உருண்டாலும் கண்ணாடி வராது சார்" என்பார்கள். உண்மைதான். கார் கண்ணாடியின் ஓரத்தில் சுற்றிவரக் கறுப்புப் பட்டை ஒன்று இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அழகுக்காக வைத்தது இல்லை அது. பி.யூ.வுக்கு வெயில் ஆகாது. கண்ணாடி வழியாக ஒளி ஒட்டிய பரப்பில் விழாமல் அந்தப் பட்டைதான் மறைக்கிறது. நம் அக்ரிலிக்கில் பட்டை கிடையாது. அதே டியூபை அப்படியே பிதுக்கினால், வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே ஒட்டிய பரப்பு வெயிலில் வெந்து, ஒருநாள் தோல் உரிவதுபோல் மொத்தமாக விட்டுவிடும்.

இதற்கென்றே இருப்பது சிகாஃப்ளெக்ஸ் 295 யூ.வி. படகுகளின் பிளாஸ்டிக் ஜன்னலுக்காக வந்தது. அமெரிக்காவில் ஆர்.வி. ரக விமானம் கட்டுபவர்கள் பலர் தலைக்கு மேல் மூடும் கண்ணாடிக் கூடான கேனோபியையே ரிவெட் இல்லாமல் இதை வைத்து ஒட்டுகிறார்கள். அக்ரிலிக்கில் துளையே இல்லாததால், துளையிலிருந்து விரிசல் ஓடும் கவலையும் இல்லை. ஆனால் இதை ஒரு டியூப் என்று நினைக்கக் கூடாது, ஒரு முறை என்று நினைக்க வேண்டும். ஒட்டும் இடத்தைச் சொரசொரப்பாக்கி, ஆக்டிவேட்டரால் துடைத்து, கறுப்பு பிரைமர் பூசி, சொன்ன நேரம் காத்திருந்து, அப்புறம்தான் சீலண்ட். ஒரு படியை விட்டாலும் பிடிப்பு போச்சு.

பூச்சின் தடிமனில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுமார் 3 மி.மீ. இருக்க வேண்டும். மேலே போட்ட கணக்கை இங்கே கொண்டுவாருங்கள்: கண்ணாடி நடுவிலிருந்து இரு பக்கமும் விரிந்தால் ஓரத்துக்கு 1 மி.மீ. நகர்வு. 3 மி.மீ. தடிமனான ரப்பருக்கு 1 மி.மீ. பக்கவாட்டில் சாய்வது ஒரு விஷயமே இல்லை. அதே ரப்பரை அரை மி.மீ. ஆக நசுக்கி வைத்தால், தன் தடிமனைப்போல் இரண்டு மடங்கு இழுபட வேண்டியிருக்கும். ஆகவே கிளாம்ப் போட்டு இறுக்காமல், இடையிடையே 3 மி.மீ. ரப்பர்த் துண்டுகளை வைத்து மெதுவாக அழுத்துவதுதான் வழி.

போடும் நேரமும் முக்கியம். மே மாத மத்தியானத்தில் ஒட்டினால், விரிந்த நிலையிலேயே இறுகி, பிறகு வாழ்நாள் முழுக்கச் சுருங்கும் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும். விடியல் குளிரும் வேண்டாம், உச்சிவெயிலும் வேண்டாம். காலை இடைப்பட்ட சூட்டில் ஒட்டினால் நகர்வு இரு பக்கமும் பங்காகும். இது சிலிகானுக்கும் பொருந்தும். ஒரே ஆறுதல், அக்ரிலிக்கை வெட்டுவதும் துளைப்பதும் சூட்டில்தான் பத்திரம். குளிர் நாட்டுக்காரர் ஷெட்டுக்குள் ஹீட்டர் வைத்துச் செய்யும் வேலையை நாம் சும்மா செய்யலாம்.

பாலிசல்பைடு: தரத்தில் முதல், கைக்கு வருவதில் கடைசி

பெட்ரோல் டேங்க் அடைக்க வாங்கிய பாலிசல்பைடு மிச்சம் இருக்கும். அதையே ஜன்னலுக்கும் தடவிவிடலாம் என்ற சபலம் எல்லாருக்கும் வரும். பெட்ரோல் பட்டாலும் ஒன்றும் ஆகாது, அலுமினியத்தில் அட்டைபோல் பிடிக்கும், மேலே பெயின்டும் அடிக்கலாம். ஆனால் ஜன்னலுக்கென்று தனி ரகம் உண்டு, பி.பி.ஜி. நிறுவனத்தின் பி.ஆர்.-1425 அப்படிப்பட்டது. டேங்க் மிச்சத்தை பிளாஸ்டிக்கில் போடும் முன் அந்தப் பொருளின் தகவல் தாளில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு பகுதியாக வரும், எடை போட்டுக் கலக்க வேண்டும்; நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று இருந்தால் நல்லது. டப்பாவில் பி-2 என்றிருந்தால், பி என்பது கெட்டித்தன்மை, 2 என்பது கலந்த பிறகு வேலை செய்யக் கிடைக்கும் மணி நேரம். அந்த 2 மணி நேரம் 25 டிகிரிக்கானது. நம் ஷெட்டில் 38 இருந்தால் அதில் பாதிகூட மிஞ்சாது. டப்பாவுக்கு ஆயுளும் குறைவு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்கத்தில் கிடந்து, வெயிலில் லாரி ஏறி வருவதற்குள் பாதி ஆயுள் போயிருக்கும். பொருளாகப் பார்த்தால் இதுதான் உசத்தி. வேலூரில் இருந்துகொண்டு இதை நம்பித் திட்டம் போட எனக்குத் தயக்கம்.

எம்.எஸ். பாலிமர் என்ற கலப்பினத்தைப் பற்றிச் சுருக்கமாக: வாடை இல்லை, பெயின்ட் பிடிக்கும், சிலிகான்போல் சுற்றுப்புறத்தைக் கெடுக்காது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியின் சரக்கும் ஒவ்வொரு மாதிரி. பாலிகார்பனேட்டோடு ஒத்துப்போகும் என்று டியூபில் எழுதியிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பசையே இல்லாத வழி

பழைய சின்ன விமானங்களில் ஜன்னலின் விளிம்பை ஃபெல்ட் பட்டையிலோ, இறுகாத பியூட்டைல் டேப்பிலோ பொதித்துச் சட்டத்துக்குள் விட்டிருப்பார்கள். கண்ணாடி தாராளமாக நகரும், மாற்றுவதும் எளிது. ஃபெல்ட் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பக்கத்து உலோகத்தைத் துருவேற்றும். பியூட்டைல் சூட்டில் இளகி ஓரத்தில் பிதுங்கும், அதில் புழுதி அப்பும். இ.பி.டி.எம். ரப்பர் நுரைப் பட்டை இரண்டையும்விட மேல்.

ஆனால் கார் கதவுக்கு விற்கும் பீடிங்கை இ.பி.டி.எம். என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். நிறைய பி.வி.சி. கலந்து கிடக்கிறது. பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து ஜன்னலுக்குள் ஏறி விரிசலை உண்டாக்கும். சோதிப்பது சுலபம்: செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பீடிங்கில் ஒரு தொடு தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், புகை நல்லதல்ல.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், விமானத்தில் போடும் முன் ஒரு துண்டில் போட்டுப் பாருங்கள். ஜன்னல் வெட்டிய மிச்சத்தில் ஒரு பட்டையை எடுத்து லேசாக வளைத்து, அந்த நிலையிலேயே ஒரு பலகையில் கட்டுங்கள். புடைத்த பக்கத்தில் சீலண்டைத் தடவி, பக்கத்திலேயே சீலண்ட் இல்லாத இன்னொரு பட்டையும் வைத்து மொட்டைமாடியில் விட்டுவிடுங்கள். சில வாரம் கழித்து வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால், ஒவ்வாத சீலண்ட் இருக்கும் இடத்தில் வெள்ளி இழைபோல் விரிசல் மின்னும். சும்மா தட்டையாக வைத்துச் சோதித்தால் பாதி உண்மைதான் தெரியும். இழுவிசை இருக்கும் இடத்தில்தான் இந்த விரிசல் பிறக்கிறது. துடைக்கும்போது பெட்ரோல், அசிட்டோன், தின்னர், வீட்டுக் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே எதுவும் கூடாது. சோப்புத் தண்ணீர் போதும்.

சரி, நண்பருக்கு நான் சொன்னது இதுதான். பின்பக்கப் பக்கவாட்டு ஜன்னல்கள் அக்ரிலிக், ஸ்க்ரூவால் பிடித்தவை: உள்ளே இ.பி.டி.எம். பட்டை, பெயின்ட் முடிந்த பிறகு வெளி விளிம்பில் நியூட்ரல் சிலிகான் ஒரு கோடு. முன்கண்ணாடியை ஒட்டுவது என்று முடிவு செய்தால் சிகாஃப்ளெக்ஸ் 295 யூ.வி.யும் அதன் ஆக்டிவேட்டர், பிரைமரும் ஒரே இடத்தில், ஒரே தடவையில் வாங்க வேண்டும். மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டால் அந்த யோசனையைக் கைவிட்டு ஸ்க்ரூவுக்கே போவது நல்லது. கதவில் வரும் பாலிகார்பனேட்டுக்கு வெறும் இ.பி.டி.எம். மட்டும். அது கீறல் விழுந்து மங்கி எப்படியும் சில வருஷத்தில் மாறப்போகிறது. கழற்றும்போது சுரண்ட எதுவும் இருக்கக் கூடாது. சிலிகானை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் இரும்பு பிளேடு வேண்டாம், பிளாஸ்டிக் பட்டையால் கிளப்பி, ஒட்டிய பரப்புக்கு நடுவே மீன்பிடி நைலான் நூலை விட்டு அறுத்துக்கொண்டே போகலாம். நூலின் இரு முனையையும் கட்டையில் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரலை அறுத்துவிடும்.