திருகோணமலைக் கோப்பைத் தேட ஃபைண்டா, லொகேட்டா?

லினக்ஸ் முனையத்தில் கோப்புத் தேட வழக்கமாகக் கைபோகும் கட்டளைகள் இரண்டு: ஃபைண்ட் (find), லொகேட் (locate). வேகத்தில் லொகேட்டுக்கு ஈடில்லை. முன்பே எழுதிவைத்த பட்டியலைப் புரட்டுவதுதான் அதன் வேலை. ஃபைண்ட் ஒவ்வொரு கோப்புறையாக இறங்கும், நேரமெடுக்கும். ஆனாலும் பெயரில் அடைப்புக்குறியோ தமிழோ இருந்தால் ஃபைண்டைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அடைப்புக்குறிச் சிக்கல் இரண்டுக்கும் பொது. தேடும் பெயரில் நட்சத்திரம் என்றால் 'எத்தனை எழுத்தும் வரலாம்', [ ] என்றால் 'உள்ளே இருப்பதில் ஏதாவது ஒன்று'. அதனால் '*[2]*' என்று தேடினால் 2 வருகிற பெயரெல்லாம் வந்து விழும். '*\[2\]*' என்று கொடுக்க வேண்டும். ஒற்றை மேற்கோள் கட்டாயம், இல்லாவிட்டால் நட்சத்திரத்தை ஷெல் (நாம் தட்டும் கட்டளையை வாசித்து இயக்கும் நிரல்) தானே விரித்துவிடும். லொகேட்டின் பட்டியல் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். உபுண்டுவின் இயல்பு அமைப்பில் பென் டிரைவ் அந்தப் பட்டியலில் சேர்வதும் இல்லை.

என் முடிவைத் தீர்மானிப்பது நம் ஊர்ப்பெயர்தான். திருகோணமலையின் 'கோ'வை யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறிமுறையில்) இரண்டு விதமாக எழுதலாம்: 'க'வோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது 'க'வோடு இரட்டைக்கொம்பும் அரவும் தனித்தனியாக. திரையில் வேறுபாடே தெரியாது. லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமை உள்ள வட்டு இயல்பாகவே பைட்டுகளை வந்தபடி வைத்துக்கொள்ளும். மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் தட்டச்சான கோப்புகள் நகரத்துக் கணினி ஒன்றில் சேரும்போது, ஒரே கோப்புறையில் 'திருகோணமலை' இரண்டு இருக்கலாம். நீங்கள் தட்டும் பெயருக்கு அகப்படுவது ஒன்றுதான்.

'திருக*ணமலை*' என்றால் இரண்டும் வரும். நட்சத்திரத்துக்குப் பதில் ? போடாதீர்கள், அது ஒரு குறியை மட்டுமே பிடிக்கும், பிரிந்த வடிவத்தில் இரண்டு குறிகள் உண்டு. இதுவரை லொகேட்டும் கூடவே வரும், இருபுறமும் நட்சத்திரம் வைத்தால்.

அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. பெயரை வைத்துப் பிரித்தறிய முடியாத கோப்பை எண்ணை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். 'எல்எஸ் -ஐ' (ls -i) ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் எண்ணை, அதாவது வட்டு அந்தக் கோப்பை அடையாளம் காணும் எண்ணை, காட்டும்; அந்த எண்ணை ஃபைண்டின் '-ஐநம்' (-inum) தெரிவுக்குக் கொடுத்தால் சரியான கோப்பு கையில் வரும். அந்த எண் ஒரு வட்டுப் பகுதிக்குள்தான் தனித்துவமானது, ஆகவே தேடல் வேறு பகுதிக்குப் போகாதபடி '-எக்ஸ்டெவ்' (-xdev) சேர்த்துக்கொள்ளுங்கள். லொகேட்டின் பட்டியலில் இந்த எண்ணை வைத்துத் தேட வழியில்லை.

இலட்சக்கணக்கில் கோப்புகள் உள்ள சேர்வரில் முதல் தேடலுக்கு லொகேட்டே போதும் என்பதையும் மறுக்கவில்லை.

கிடைத்த கோப்பின் மேல் வேறு கட்டளையை இயக்க ஃபைண்டில் '-எக்ஸெக்' (-exec), '-ஓகே' (-ok) என்று இரண்டு தெரிவுகள் உண்டு; பெயர் மாற்ற '-எக்ஸெக்'கைவிட '-ஓகே' நல்லது. ஒவ்வொன்றுக்கும் கேட்டபிறகே செய்யும். பிரிந்த வடிவத்தைச் சேர்ந்த வடிவமாகத் திருத்தினால், ஏற்கெனவே அங்கிருக்கும் மற்றக் கோப்பின் மேல் எழுதிவிடும். புதுப்பெயரின் கடைசியில் '_2' போடுங்கள், பெயர் மாற்றும் எம்வி (mv) கட்டளைக்கு, இருக்கும் கோப்பின் மேல் எழுதாமல் தடுக்கும் '-என்'னும் (-n) கொடுங்கள். கிடைத்த கோப்புகளை அழிக்கும் '-டிலீட்' (-delete) தேவைப்பட்டால் வரியின் கடைசியில்தான் வர வேண்டும். நிபந்தனைக்கு முன்னால் வந்தால் கோப்புறையே காலியாகிவிடும்.